மைக் இல்லாத ஹெட்போன்: ஆங்கிலப் பாடத்தை வடிவமைப்போருக்கு இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். அரசுப் பள்ளிகளுக்கான ஆங்கிலப் பாடநூலை எழுதுகிறவர்கள், வினாத்தாளின் வடிவத்தை முடிவு செய்கிறவர்கள், கணினி ஆய்வகங்களுக்கு என்னென்ன கருவி வாங்கலாம் என்று பட்டியல் தயாரிக்கிறவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நீங்கள் தனித்தனிக் குழுக்களாக இருக்கலாம். எங்கள் வகுப்பறைக்கு வந்து சேரும்போது உங்கள் எல்லோருடைய முடிவும் ஒரே பிள்ளையின் மீதுதான் இறங்குகிறது.

நான் மன்னார் வளைகுடாக் கரையில், கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவே உள்ள ஓர் ஊரில் 18 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. என் மாணவர்களில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீதிப்பேரின் வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஆங்கிலம் ஏன் வேண்டும் என்று இந்த வீடுகளில் நான் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பைக் கணினி ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நுழைவதுபோல் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார்கள். திரையில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் உரையாடும் காட்சி ஓடியது. ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாடிக்கையாளர். காட்சி முடிந்ததும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்விகள். பிள்ளைகள் சொடுக்கினார்கள், மதிப்பெண் வந்தது, மணி அடித்தது. வெளியே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. 40 நிமிடம் நடந்த அந்தப் பாடத்தின் பெயர் ‘தகவல் தொடர்புத் திறன்’. அந்த 40 நிமிடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட ஓர் ஆங்கிலச் சொல்லையும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. திரும்பிப் போய் மேசையில் கிடந்த ஹெட்போன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் மைக் இல்லை.

அந்த ஹெட்போனைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும். கேட்பதற்கு மட்டும் கருவி வாங்கித் தந்திருக்கிறோம் என்றால், பிள்ளை பேசுவான் என்று நம்மில் யாரும் எதிர்பார்க்கவில்லை என்றுதானே பொருள்?

கருவிகளே தேவையில்லை என்று சொல்லும் ஆசிரியர்களில் நான் ஒருத்தி அல்ல. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, எங்கள் ஊரில் பல பிள்ளைகளுக்கு மிஞ்சிய ஒரே வகுப்பறை அதுதான். பாடநூலில் கியூஆர் குறியீடுகள் வந்தன, பாடக் காணொளிகள் கொண்ட மணற்கேணி செயலி வந்தது, பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டது. கணக்குக்கும் அறிவியலுக்கும் இவை பெரிய துணை. இதயம் எப்படித் துடிக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடக் காணொளியில் காட்டுவது மேல். மொழிக்கு அப்படி இல்லை. நீச்சலைப் பற்றி எத்தனை காணொளி பார்த்தாலும் பிள்ளை தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை; ஐந்து வயதில் வத்தை என்னும் சிறு படகிலிருந்து குதித்தவர்கள் நிறைந்த ஊர் இது.

இராமேசுவரம் அக்கினி தீர்த்தக் கரையில் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வடநாட்டு யாத்திரிகர்களிடம் இந்தியில் விலை பேசுவார்கள். வங்காளிகள் வந்தால் அந்த மொழியில் நான்கு வார்த்தை, தெலுங்கர்கள் வந்தால் அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை. இவர்கள் யாரும் இதற்கென்று ஒரு வகுப்பில் உட்கார்ந்ததில்லை. எதிரே நிற்பவருக்குத் தமிழ் தெரியாது, மாலையோ இருட்டுவதற்குள் விற்றாக வேண்டும். தவறாகச் சொன்னால் எதிராளியின் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அடுத்த ஆளிடம் திருத்திச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை இப்படிச் சொல்லித் திருத்திக்கொள்கிறவர்களுக்கு மொழி வராமல் என்ன செய்யும்? பத்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்துவிட்டு வாய் திறக்கத் தயங்கும் என் மாணவிக்கும் அவர்களுக்கும் அறிவில் வேறுபாடு கிடையாது. என் மாணவிக்கு அப்படி ஓர் எதிராளியை நாம் இதுவரை காட்டவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கோடை விடுமுறையும் அதனுடன் சேர்ந்துகொள்வதால் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரைப் பார்க்க எனக்கு அதுவே வசதியான காலம். அப்படி ஒருமுறை, ஆங்கிலத்தில் எப்போதும் 30 மதிப்பெண்ணைத் தாண்டாத ஒரு மாணவனின் படகில் ஏறிப் பார்த்தேன். அவன் அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். சக்கர அறையில் ஜிபிஎஸ் கருவியும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் வயர்லெஸ் பெட்டியும் இருந்தன. மூன்றிலும் எல்லாம் ஆங்கிலம். ‘மார்க்’, ‘வேபாயிண்ட்’, ‘கோ டு’, ‘டெப்த்’, ‘டிராக்’ என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, எது எதற்கு என்று அவர் விளக்கினார். எந்த இடத்தில் வலை விட்டால் பாறையில் கிழியும் என்பதை எண்களாகச் சேமித்து வைத்திருந்தார். எல்லைக் கோட்டை நெருங்கும்போது கருவி எப்படி எச்சரிக்கும் என்று மகன் சொன்னான். 30 மதிப்பெண் வாங்குகிற அதே மகன்தான், ‘அலார்ம்’, ‘கோர்ஸ்’, ‘ஸ்பீடு’, ‘பேரிங்’ என்ற சொற்களை ஒன்றுகூடப் பிசகாமல் பயன்படுத்தினான். அவனுக்கு அவை ஆங்கிலச் சொற்கள் என்றே தோன்றவில்லை. படகுச் சொற்கள். அன்று இரவு வீட்டுக்கு வந்து அவனுடைய தேர்வுத்தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவனுக்குத் தெரிந்த எதையும் அந்தத் தாள் கேட்டிருக்கவில்லை.

பாடநூல் குழுவினருக்கு இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கடலில் வெவ்வேறு நாட்டுக் கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001ஆம் ஆண்டில் சீரான ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. குழப்பத்துக்கு இடமில்லாத, குறுகிய வாக்கியங்கள் அவை. பேசுவதற்கு முன்னால், சொல்லப்போவது கேள்வியா, பதிலா, அறிவுறுத்தலா, ஆலோசனையா, எச்சரிக்கையா, தகவலா, வேண்டுகோளா, தன் நோக்கமா என்று எட்டு வகைகளில் ஒன்றை முதலிலேயே அறிவித்துவிடலாம். எண்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 150 என்பது ‘ஒன் ஃபைவ் ஸீரோ’. ‘ஃபிஃப்டீன்’ எது, ‘ஃபிஃப்டி’ எது என்று காற்றிரைச்சலில் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. காதில் விழவில்லையென்றால் ‘சே அகெய்ன்’ என்று கேட்க வேண்டும். தாய்மொழி ஆங்கிலம் அல்லாத மாலுமிகளை மனதில் வைத்து, உயிர் காப்பதற்காக எளிமையாக்கப்பட்ட ஆங்கிலம் இது. கடலோர மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் இது இல்லை.

இல்லாததை நானே வகுப்பில் செய்து பார்த்தேன். எங்கள் கரைக்கு எதிரே உள்ள மண்டபம் தொகுதியில் ஏழு தீவுகள்: சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. அவற்றை ஒரு தாளில் வரைந்து படியெடுத்தேன். ஒரு பிள்ளை ஒரு வகுப்பறையில், இன்னொரு பிள்ளை அடுத்த கட்டடத்தில். நடுவே என் செல்போனும் சக ஆசிரியையின் செல்போனும். ஒருவர் தாளில் மட்டும் பாறைகளும் ஆழமும் குறித்திருக்கும். அவர் மற்றவரின் படகைப் பாறையில் மோதாமல் ஆங்கிலத்தில் வழிநடத்த வேண்டும்.

முதல் நாள் ஒரே கூச்சல். படகுகள் எல்லாம் பாறையில் ஏறின. இரண்டாம் நாள் ஒரு பெண் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ‘சே அகெய்ன், சே அகெய்ன்’ என்று கத்தினாள். நான் 18 ஆண்டுகளில் அதுவரை கேட்காத ஒன்று அது. என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் ஆங்கிலத்தில் ‘புரியவில்லை, மறுபடி சொல்’ என்று கேட்டதே இல்லை. பாடநூல் உரையாடல்களில் எல்லோருக்கும் எல்லாமே முதல் தடவையிலேயே புரிந்துவிடுகிறது. நிஜத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில் பாதி நேரம் புரியாததைச் சரிசெய்வதிலேயே போகிறது. அந்தப் பாதியை நாம் கற்பிப்பதே இல்லை.

இது நான் கண்டுபிடித்த முறை என்று எண்ணிவிடாதீர்கள். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற மொழியியல் அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் இதைத்தான் செய்தார். இலக்கண விதியை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதிலிருந்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார். பொருளில் மனம் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் எண்ணம். செயல்வழி மொழிக்கற்றல் பற்றி உலகம் முழுவதும் இன்றும் பேசுகிறவர்கள் அந்தத் தென்னிந்தியத் திட்டத்தைக் குறிப்பிடாமல் போவதில்லை. அப்போது வகுப்பறையில் கணினி கிடையாது. சுண்ணக்கட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை, இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு நாம் ஏன் செய்யவில்லை என்பது எனக்கு நெடுநாள் கேள்வி.

தீவு விளையாட்டில் ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இக்கட்டான நேரத்தில் பிள்ளைகள் தமிழுக்குத் தாவினார்கள். ‘ஏய், இடது பக்கம் திருப்பு’ என்று கிசுகிசுத்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது நாடகம். எதிராளிக்குத் தமிழ் தெரியாதபோதுதான் ஆங்கிலம் உண்மையான தேவையாகிறது. அக்கினி தீர்த்தக் கரையில் நடப்பது அதுதான்.

ஒரு பயிற்சி முகாமில் கிடைத்த அறிமுகத்தால், ஒடிசா மாநிலம் பாராதீப் துறைமுகத்துக்கு அருகே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரோடு தொடர்பு ஏற்பட்டது. அங்கும் மீனவப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒடியா, எங்களுக்குத் தமிழ். நேரடிக் காணொளி அழைப்பு எங்கள் ஊர் சிக்னலுக்கு ஒத்துவராது. ஆகவே ஒரு நிமிடக் குரல் பதிவுகளாக அனுப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இரு ஆசிரியர்களின் போன் வழியாக மட்டும். பிள்ளைகளின் முகமோ எண்ணோ முழுப்பெயரோ யாருக்கும் போகாது.

எங்கள் பிள்ளைகள் முதலில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிச் சொன்னார்கள். நான்கு நாள் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. தங்களுக்கும் அந்த 61 நாள் உண்டு, அதோடு ஆமைகளுக்காக நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம் கடலின் சில பகுதிகளில் மீன்பிடிக்கக் கூடாது என்று ஒரு பையன் சொல்லியிருந்தான். என் வகுப்பு அதிர்ந்துபோனது. ஏழு மாதம் படகு ஓடாவிட்டால் என்ன சாப்பிடுவார்கள்? ஒரே நேரத்தில் பதினைந்து கைகள் உயர்ந்தன. ஆங்கிலத்தில் கேள்வி கேட்க என் வகுப்பில் பதினைந்து கைகள் உயர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘வாட்’, ‘ஹவ்’, ‘ஒய்’ என்று தொடங்கும் வினாக்களை எப்படி அமைப்பது என்று ஆறாம் வகுப்பிலிருந்து நடத்தி வருகிறோம். அன்றுதான் அவை அவர்களுக்குத் தேவைப்பட்டன.

பிறகு எங்கள் முறை. ஆவுளியாவைப் பற்றிச் சொல்லலாம் என்றாள் ஒருத்தி. கடல் பசு என்று நாங்கள் சொல்லும் அந்த விலங்கை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழை அப்படியே பெயர்த்து ‘சீ கௌ’ என்று பதிவு செய்துவிட்டு, தவறாக இருக்குமோ என்று அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அகராதியை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலேயர்களும் அதை ‘சீ கௌ’ என்றே சொல்கிறார்கள். அவள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. ஆங்கிலம் தனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, தன் பாட்டி பார்த்த விதமாகவே அந்த மொழிக்காரர்களும் ஒரு விலங்கைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாள் அது. கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் அவர்கள் ‘கேட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் அன்றே சொன்னேன்.

குரல் பதிவில் நான் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. நேரில் பேசினால் ஒரே வாய்ப்பு, தடுமாறினால் தடுமாறியதுதான். பதிவு என்றால் அனுப்பும்முன் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் தன் ஒரு நிமிடத்தைப் பதினோரு முறை பதிவு செய்தான். ஒவ்வொரு முறையும் தானே கேட்டு, தானே முகம் சுளித்து, தானே அழித்தான். ஒரு வாக்கியத்தைப் பதினோரு முறை சொல் என்று நான் கட்டளையிட்டிருந்தால் சொல்லியிருப்பானா? பாராதீப்பில் யாரோ கேட்கப்போகிறார்கள் என்பதற்காகச் சொன்னான்.

ஆறு பதிவுகள் போய் வந்த பிறகு இந்தப் பரிமாற்றம் நின்றுவிட்டது. வேறு மாநிலப் பள்ளியோடு பிள்ளைகள் பேச அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்கப்பட்டது. வாங்கவில்லை. யாரிடம் வாங்குவது என்று விசாரித்தேன்; அதற்கென்று ஒரு படிவமோ வழிமுறையோ இருப்பதாக யாரும் சொல்லவில்லை. கேட்டவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது அவர்கள் கடமை. கேள்விக்கு விடையளிக்கும் வழி ஒன்றை நீங்கள்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

இனி தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துக்கு, 25 செய்முறைக்கு. அமிலத்தையும் காரத்தையும் கையால் தொட்டுப் பார்க்காமல் அறிவியல் தெரியும் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணும் தாளில் எழுதிப் பெற வேண்டியவை. பன்னிரண்டாம் வகுப்பில் 90 எழுத்துக்கு, 10 அக மதிப்பீட்டுக்கு. அந்தப் பத்திலும் வாய் திறந்து பேசுவதற்கென்று தனி இடம் இல்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் கேட்டலையும் பேசுதலையும் அக மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது. நாம் சேர்க்கவில்லை. தேர்வில் இல்லாத ஒன்றுக்கு எந்தத் தலைமையாசிரியர் பாடவேளை ஒதுக்குவார்? நல்லெண்ணம் உள்ளவர்களும் ஜனவரி பிறந்தால் மாதிரி வினாத்தாளுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. நானும் திரும்பியிருக்கிறேன்.

பேச்சுக்கு மதிப்பெண் என்றால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவீர்கள் என்பீர்கள். நியாயமான ஐயம். அதற்குத்தான் கருவி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு நிமிடப் பேச்சும் ஆய்வகக் கணினியில் பதிவாகட்டும். அதில் ஒரு பகுதியை வேறு மாவட்டத்து ஆசிரியர்கள் குலுக்கல் முறையில் எடுத்துக் கேட்டுச் சரிபார்க்கட்டும். எழுத்துத் தாளைத் திருத்தும் முகாமுக்கு நாங்கள் போகவில்லையா? ஒன்பதாம் வகுப்பில், பத்தே மதிப்பெண்ணில் தொடங்கினால் போதும்.

மதிப்பெண் போடும் வேலையை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உச்சரிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகளை நான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். கூகுளின் ரீட் அலாங் போன்றவை, கதைகளை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும். சிறு வகுப்புகளுக்கு அது நல்ல துணை. ஆனால் எங்கள் மீனவப் பையன்கள் ‘ஃபிஷ்’ என்பதை ‘பிஷ்’ என்பார்கள். தமிழில் அந்த ஒலி இல்லை. அரபு ஓதப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு, அம்மொழியில் அந்த ஒலி இருப்பதால், ‘ஃபிஷ்’ தங்குதடையின்றி வருகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவனுக்குச் செயலி பச்சை காட்டுகிறது, மற்றவனுக்குச் சிவப்பு. இருவரும் சொன்னது பாராதீப் பையனுக்குப் புரிந்தது. புரிந்ததா என்பதற்குத்தான் மதிப்பெண் தர வேண்டும். அதைத் தீர்மானிக்க ஒரு மனிதக் காது வேண்டும்.

வீட்டுப் பாடத்தைச் செல்போனில் அனுப்புங்கள் என்று ஆணை வரும்போதெல்லாம் எங்கள் வீடுகளின் நிலையை நினைத்துக்கொள்வேன். பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். காற்று, அலை பற்றிய எச்சரிக்கை பார்க்க அவருக்கு அது வேண்டும். அவர் கரையில் இருக்கும் தடைக்காலத்தில் போன் வீட்டில் இருக்கும், ஆனால் பள்ளிக்கு விடுமுறை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. உப்புக் காற்றில் கணினியின் துளைகள் பச்சை பூத்து இரண்டு ஆண்டில் வேலைநிறுத்தம் செய்கின்றன. சென்னையில் ஐந்து ஆண்டு உழைக்கும் கருவி எங்களிடம் அவ்வளவு காலம் உழைக்காது. பராமரிப்புத் தொகை போடும்போது கடலோரப் பள்ளிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சாட்ஜிபிடி போன்றவை வந்தபின் எழுத்துப் பயிற்சியும் மாறிவிட்டது. ‘உன் ஊரைப் பற்றி நண்பனுக்குக் கடிதம்’ எழுதச் சொன்னேன். போன் கிடைத்த சில பிள்ளைகளின் கடிதங்களில் பசுமையான வயல்கள் விரிந்தன, சலசலத்து ஓடும் ஆறு இருந்தது, பறவைகள் பாடின. எங்கள் ஊரில் ஆறு கிடையாது. பனையும் உடைமரமும் மணலும்தான். ஒரு பிழைகூட இல்லாத அந்தக் கடிதங்களுக்கு நடுவே கசங்கிய தாளில் ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: ‘மை மதர் கோ சீ. டேக் பாசி. ஹேண்ட் ப்ளட். ஷீ டை க்ளாத்.’ கடற்பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள், அதைத்தான் சொல்லியிருந்தாள். நம் மதிப்பீட்டு முறைப்படி ஆறு ஓடிய கடிதத்துக்கே அதிக மதிப்பெண். நான் அந்தச் சிறுமிக்கே கொடுத்தேன். பிறகு அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக நேராக்கினேன். அந்த நேராக்கும் வேலைக்கு அதே செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. முதல் வாக்கியம் அவளுடையதாக இருக்க வேண்டும்.

பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த, பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015ஆம் ஆண்டில் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது அமெரிக்காவில் வழங்கப்பட்டது. எங்கள் கரையின் கதையைக் கேட்க உலகம் ஆயத்தமாகத்தான் இருக்கிறது. பாம்பனிலேயே 2016 முதல் மீனவர்களுக்கான கடல் ஓசை என்ற சமுதாய வானொலி நடக்கிறது. எத்தனையோ கருவிகள் வந்து போன இந்தக் கரையில் அது நிலைத்ததற்குக் காரணம், அதில் பேசுவது எங்கள் குரல் என்பதுதான். ஆங்கில வகுப்புக்கும் அப்படியொன்று கேட்கிறேன்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரி முடிக்கும்வரை ஆங்கிலத்தில் ஒரு முழு உரையாடல் நடத்தியதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஸ்மார்ட் போர்டை எப்படி இயக்குவது என்று பயிற்சி தந்தீர்கள். அதில் எதைப் பேசுவது என்பதற்குப் பயிற்சி இல்லை. அதே குரல் பதிவு முறையில் மாவட்டம் விட்டு மாவட்டம் ஆசிரியர்களும் பேசிப் பழகலாம். எங்கள் கையிலுள்ள செல்போன் பாடத்துக்குச் செலவாவதைவிடப் புள்ளிவிவரப் பதிவேற்றத்துக்கே அதிகம் செலவாகிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. அடுத்த கொள்முதலில் ஹெட்போன் பட்டியலில் ‘மைக் உடன்’ என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பேச்சுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள். கடலோர மாவட்டங்களுக்கான ஆங்கிலப் பாடத்தில் கடல்வழித் தொடர்புத் தொடர்களுக்கு ஓர் அலகு தாருங்கள். தமிழ் தெரியாத ஒரு பள்ளியோடு பிள்ளைகள் ஆசிரியர் வழியே குரல் பதிவு பரிமாறிக்கொள்ள, பாதுகாப்பு விதிகளோடு ஓர் அனுமதி நடைமுறையை உருவாக்குங்கள். இந்த நான்கில் ஒன்றை மட்டும்தான் இந்த ஆண்டு செய்ய முடியும் என்றால், கடைசியாகச் சொன்னதைச் செய்யுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை.

பாராதீப்பிலிருந்து வந்த ஆறாவது பதிவில் ஒரு சிறுமி, உங்கள் ஆவுளியா என்ன சத்தம் போடும் என்று கேட்டிருக்கிறாள். என் மாணவி இரண்டு பாட்டிகளிடமும் ஒரு சங்குகுளிக்காரரிடமும் விசாரித்து, பதிலை எழுதித் தயாராக வைத்திருக்கிறாள். ஜூனில் பள்ளி திறந்ததும் அனுமதி வந்துவிட்டதா என்று என்னிடம்தான் கேட்பாள்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை